வளைந்தாலும் நிமிரும் அலுமினியம்!



ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அம்மி பறந்ததை நான் பார்த்ததில்லை. ஆனால், எங்கள் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் இருந்த பெரிய ஆன்டெனா முறிந்து தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஒரு தடவை அல்ல, ஒரே வருடத்தில் இரண்டு தடவை!

இரண்டாவது தடவை அதைச் சரிசெய்தபோது நானும் கூடவே இருந்தேன். 35 வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய எனக்கே அன்றைக்குப் புதிதாக ஒரு பாடம் கிடைத்தது. அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மாடியில் ஒரு மீன் முள்!

எங்கள் வீடு மதுரையில் பசுமலைப் பக்கம். பக்கத்து வீட்டு அண்ணன் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு 'ஹாம்'.

ஹாம் என்றால் யார் தெரியுமா? சொந்தமாக ஒரு சிறு வானொலி நிலையம் வைத்துக்கொண்டு, உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் மற்ற ஹாம்களுடன் பேசுகிறவர். இதைத் தொழிலாகச் செய்யக் கூடாது. ஆர்வத்துக்காக மட்டுமே செய்யலாம். அதனால்தான் 'அமெச்சூர் வானொலி' என்று பெயர். யார் வேண்டுமானாலும் பேசிவிட முடியாது. தேர்வு எழுதி, மத்திய அரசிடம் உரிமம் வாங்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறியீடு கொடுப்பார்கள். இந்தியாவில் அது பெரும்பாலும் வி.யு.2 அல்லது வி.யு.3 என்று தொடங்கும்.

அண்ணன் வீட்டு ஆன்டெனா, பெரிய மீனைத் தின்றுவிட்டு முள்ளை மட்டும் மாடியில் நட்டு வைத்தது போல இருக்கும். நடுவில் ஒரு நீளக் குழாய். குறுக்கே மூன்று குழாய்கள். இந்த மாதிரி ஆன்டெனாவுக்கு 'யாகி' என்று பெயர். ஜப்பானைச் சேர்ந்த ஷின்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி என்ற இரண்டு அறிஞர்கள் 1926-ல் இதைப் பற்றி உலகுக்குச் சொன்னார்கள்.

உங்கள் தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். 1980-களில் நம் தென் மாவட்டங்களில் இலங்கையின் ரூபவாஹினி தொலைக்காட்சியைப் பார்ப்பதற்காக உயரமான கம்பத்தில் இதே மாதிரி சின்ன ஆன்டெனாக்களைக் கட்டி வைத்திருந்தார்கள். அவையும் இதன் தம்பிகள்தான்!

அண்ணனின் ஆன்டெனா 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கானது. 300-ஐ இந்த எண்ணால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் வரும். வகுத்துப் பாருங்கள்: 21 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஆன்டெனாவின் குறுக்குக் குழாய் அதில் ஏறக்குறையப் பாதி இருக்க வேண்டும். அதாவது, சுமார் 10 மீட்டர்! ஒரு வகுப்பறையை விட நீளம்.

எல்லாம் ஓய்ந்த நாளில்...

"கையில்தான் செல்போன் இருக்கிறதே, எதற்கு இவ்வளவு பெரிய குழாய்?" என்று கேட்கிறீர்களா? நானும் அண்ணனிடம் அப்படித்தான் கேட்டேன். அவர் எனக்கு ஒரு உண்மை நிகழ்ச்சியைச் சொன்னார்.

2004 டிசம்பர் மாதம். ஹைதராபாதில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு குழு அந்தமானில் போர்ட் பிளேருக்குப் (இப்போது அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) போயிருந்தது. அங்கிருந்து உலகத்து ஹாம்களுடன் பேச வேண்டும் என்பது அவர்கள் திட்டம்.

டிசம்பர் 26-ஆம் தேதி காலை பூமி குலுங்கியது. பின்னாலேயே சுனாமி வந்தது. தீவுகளில் தொலைபேசித் தொடர்பு அறுந்துபோனது. ஆனால், பாரதி பிரசாத்திடம் வானொலிக் கருவியும் ஆன்டெனாவும் இருந்தன. அவர் திட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு, உதவி வேலையில் இறங்கினார். தீவுகளின் நிலைமை, 'நாங்கள் உயிரோடு இருக்கிறோம்' என்ற செய்திகள் எல்லாம் அவர்கள் மூலமாக இந்தியப் பெருநிலத்துக்கு வந்தன. குழுவினரில் சிலர் கார் நிக்கோபார் தீவுக்கும் போய் இதே வேலையைச் செய்தார்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது நம் டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தது நினைவிருக்கிறதா? உங்களில் சிலர் அப்போது ரொம்பச் சிறு பிள்ளைகள். மின்சாரம் இல்லாமல் செல்போன் கோபுரங்களும் பல இடங்களில் வாயடைத்துப் போயின.

"இப்போது புரிகிறதா டீச்சர்? காற்று என்றைக்கு ரொம்ப மோசமாக அடிக்கிறதோ, அன்றைக்குத்தான் இந்த ஆன்டெனா ரொம்ப அவசியம். அன்றைக்கு விழுந்துவிட்டால் மற்ற நாட்களில் நின்று என்ன பயன்?" என்றார் அண்ணன்.

மலிவாக வாங்கிய குழாய்

முதல் தடவை ஆன்டெனா உடைந்தது சித்திரை மாதத்தில். சாயங்காலம் கோடை மழையோடு சுழற்றியடித்த காற்றில் ஒரு குறுக்குக் குழாய் பாதியில் முறிந்துபோனது.

அண்ணன் ஒரு கடையில் பளபளப்பான அலுமினியக் குழாயை மலிவாக வாங்கி வந்து மாட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆடி பிறந்தது. நாகமலைப் பக்கமிருந்து காற்று வீசத் தொடங்கியது. ஒரே வாரம்தான். புதுக் குழாய் வாடிய வாழை இலை மாதிரி தொங்கிவிட்டது! நல்லவேளையாக அது மாடிக்குள்ளேயே சாய்ந்தது. தெருப் பக்கம் சாய்ந்திருந்தால் மின்சார வயர் மேல் விழுந்திருக்கும்.

"தாத்தா, பேசாமல் இரும்புக் குழாய் போட்டுடலாமே" என்றாள் அவருடைய பேத்தி. ஏழாம் வகுப்பு படிக்கிறாள். என்னை 'டீச்சர் பாட்டி' என்று கூப்பிடுவாள்.

நல்ல கேள்வி! நாங்கள் மூவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 25 மி.மீ. தடிமனும் 1.4 மி.மீ. சுவரும் உள்ள ஒரு மீட்டர் குழாயை எடுத்துக்கொள்வோம். அலுமினியத்தில் செய்தால் எடை சுமார் 280 கிராம். இரும்பில் செய்தால் 815 கிராம். செம்பில் செய்தால் 930 கிராம்! பத்து மீட்டர் குழாய்கள் மூன்றைக் கம்பத்தின் உச்சியில் தூக்கி நிறுத்த வேண்டும். இரும்பு கனம் மட்டுமல்ல, மழையில் துருவும் பிடிக்கும். செம்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்; ஆனால் கனமும் அதிகம், விலையும் அதிகம்.

"அலுமினியம் செம்பு அளவுக்கு மின்சாரத்தைக் கடத்தாதே?" என்று நான் கேட்டேன். அண்ணன் சிரித்தார். வானொலி மின்னோட்டம் குழாயின் உள்ளே எல்லாம் போகாதாம். மேல் தோலில் மட்டும்தான் ஓடுமாம்! 14 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தோலின் ஆழம் ஒரு தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. அதனால் செம்புக்குப் பதில் அலுமினியம் போடுவதால் பெரிய நஷ்டம் இல்லை.

ஆகவே அலுமினியம்தான் சரி. கேள்வி, எந்த அலுமினியம்?

மூன்று குழாய், இரண்டு வாளி

பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி, மேலமாசி வீதியைத் தாண்டி, அலுமினியக் கதவு, ஜன்னல் செய்பவர்களுக்குச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனோம். "என்னம்மா யோசிக்கிறீங்க? எல்லாம் அலுமினியம்தானே?" என்றார் கடைக்காரர். பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளைதான். ஆனால், குழாய்களில் ஒட்டியிருந்த சீட்டில் எண்கள் வேறு வேறாக இருந்தன.

ஒரே தடிமனில் இரண்டு துண்டுகள் வாங்கினோம். ஒன்று 6063 டி5. ஜன்னல், கதவுச் சட்டங்கள் பெரும்பாலும் இந்த வகையில்தான் செய்கிறார்கள். இன்னொன்று 6061 டி6. பாரம் தாங்கும் சட்டங்களுக்கானது, விலை அதிகம். (சில கடைகளில் நம் நாட்டு எண்ணைச் சொல்வார்கள். 6063-க்கு 63400, 6061-க்கு 65032.) முன்பு வாங்கிய மலிவுக் குழாயில் மீதித் துண்டு ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் எந்த எண்ணும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சோதனை தொடங்கியது. இரண்டு மர ஸ்டூல்களை 2 மீட்டர் இடைவெளியில் போட்டோம். அவற்றின் மேல் ஒரு குழாயைக் கிடத்தி, நடுவில் வாளியைத் தொங்கவிட்டோம். வாளியில் 5 லிட்டர் தண்ணீர். பேத்தி ஸ்கேலை வைத்து அளந்தாள். குழாய் ஒன்றரை சென்டிமீட்டர் போலத் தொய்ந்தது.

மூன்று குழாய்களையும் இப்படி வைத்துப் பார்த்தோம். என்ன ஆச்சரியம்! மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தொய்ந்தன. "அப்ப மூணும் ஒண்ணுதானா? காசு வீணா தாத்தா?" என்றாள் அவள்.

"அவசரப்படாதே. இன்னும் தண்ணீர் ஊற்று" என்றார் தாத்தா.

10 லிட்டர் ஊற்றினோம். 6063-ம் 6061-ம் மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகத் தொய்ந்தன. வாளியை எடுத்ததும் பழையபடி நேராகிவிட்டன. மலிவுக் குழாயோ வாளியை எடுத்த பிறகும் வில் போல வளைந்தே கிடந்தது!

அடுத்து, இரண்டு வாளி. மொத்தம் 20 லிட்டர். இப்போது 6063 கொஞ்சம் வளைந்து நின்றுவிட்டது. 6061 மட்டும் நன்றாகத் தொய்ந்து, பாரத்தை எடுத்ததும் 'எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்பது போல நிமிர்ந்துகொண்டது.

குழந்தைகளே, கவனித்தீர்களா? அலுமினிய வகைகள் எல்லாம் சிறு பாரத்துக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளைகின்றன. எவ்வளவு பாரம் வரை தாங்கி மறுபடி நிமிர்கிறது என்பதில்தான் வித்தியாசம். மற்ற நாட்களில் எல்லாக் குழாயும் நல்ல குழாய்தான். காற்று அடிக்கும்போதுதான் எது எப்படி என்று தெரியும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

சுத்தத் தங்கத்தில் வளையல் உண்டா?

ஏன் இந்த வித்தியாசம்? உங்கள் அம்மாவின் வளையலைப் பாருங்கள். உள்பக்கம் 916 என்று முத்திரை இருக்கலாம். ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். மீதி செம்பு போன்ற வேறு உலோகம் என்று அர்த்தம். சுத்தத் தங்கம் மிருதுவானது. அதில் வளையல் செய்தால் சீக்கிரம் நசுங்கிவிடும்.

அலுமினியமும் அப்படித்தான். சுத்தமாக இருந்தால் மிருதுவாக இருக்கும். 6061 வகையில் ஏறக்குறைய 1 சதவீதம் மெக்னீசியம், அதைவிடக் கொஞ்சம் குறைவாக சிலிக்கான், சிறிதளவு செம்பு எல்லாம் கலந்திருக்கின்றன. சாம்பாருக்கு உப்புப் போடுகிற மாதிரி கொஞ்சம்தான்; ஆனால் குணமே மாறிவிடுகிறது!

கலந்தால் மட்டும் போதாது. அந்த 'டி6' என்ற எழுத்துக்கும் ஒரு கதை உண்டு.

ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் என்று ஓர் உலோக ஆராய்ச்சியாளர் இருந்தார். 1906-ல் அவர் செம்பும் மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்துப் பார்த்தார். உடனே பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால், சில நாட்கள் கழித்து அதே துண்டைச் சோதித்தபோது அது நன்றாகக் கெட்டிப்பட்டிருந்தது! யாரும் எதுவும் செய்யாமல், சும்மா கிடந்தே உறுதியாகியிருந்தது. கலந்த உலோகங்கள் மிக நுண்ணிய துகள்களாக உள்ளே பிரிந்து நின்று, அலுமினியம் வழுக்கி வளையாமல் பிடித்துக்கொள்கின்றன என்று பிற்பாடு தெரிந்தது. பின்னால் வந்த ஆகாய விமானங்களுக்கு உடம்பு கிடைத்தது இந்தக் கண்டுபிடிப்பால்தான்.

டி6 என்றால் 6061-ஐச் சுமார் 530 டிகிரி வரை சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, பிறகு 170 டிகிரி அளவில் பல மணி நேரம் வைத்திருந்து பக்குவப்படுத்தியது என்று பொருள். அதனால் கடையில் எண்ணை மட்டும் கேட்டால் போதாது; பக்குவத்தையும் கேட்க வேண்டும்.

பனை மட்டை சொல்லும் பாடம்

"அப்படியானால் முழுவதும் 6061 போட்டுவிடலாமா?" என்று கேட்டேன்.

"தேவையில்லை டீச்சர். காற்று அடிக்கும்போது குழாயின் எந்த இடத்தில் பாரம் அதிகம்?" என்று திருப்பிக் கேட்டார் அண்ணன்.

பேத்தி ஒரு ஸ்கேலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறு முனையை அழுத்திப் பார்த்தாள். "பிடிச்ச இடத்துலதான் ஒடியப் பார்க்குது" என்றாள். சரியான பதில்! பனை மட்டையும் அப்படித்தான். மரத்தோடு ஒட்டிய இடத்தில் தடிமனாகவும் போகப் போக மெலிந்தும் இருக்கும்.

அதனால் கம்பத்தை ஒட்டிய நடுப்பகுதிக்கு 6061 டி6. பாரம் குறைந்த நுனிப்பகுதிக்கு விலை குறைந்த 6063. ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற மாதிரி குழாய்கள். 25 மி.மீ. குழாயின் சுவர் 1.4 மி.மீ. என்றால், உள்ளே எவ்வளவு இடம் இருக்கும்? இரண்டு பக்கச் சுவரையும் கழியுங்கள்: 22.2 மி.மீ. அதற்குள் 22 மி.மீ. குழாய் கச்சிதமாக நுழையும். கடையில் வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தவள் பேத்திதான்!

ஆறு மீட்டர் குழாய்களைப் பஸ்ஸில் ஏற்ற முடியுமா? குட்டியானை வண்டியில் சிவப்புத் துணி கட்டி ஏற்றி வந்தோம்.

இணைக்கும் இடத்தில் கவனம்

அலுமினியம் காற்று பட்டதும் தன் மேல் ஒரு மெல்லிய ஆக்ஸைடு சட்டையைப் போட்டுக்கொள்கிறது. அந்தச் சட்டைதான் அதை அரிப்பிலிருந்து காப்பாற்றுகிறது. ஆனால், அது மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் ஒரு குழாய் இன்னொன்றுக்குள் நுழையும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, உடனே அதற்கென்று விற்கும் பசையைத் தடவி, துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்பால் இறுக்கினார் அண்ணன். செம்பு வயரை அலுமினியத்தோடு நேரடியாகச் சேர்க்கவில்லை. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க, மழைத் தண்ணீரும் பட்டால், அந்த இடத்தில் அலுமினியம் அரித்துப்போகும்.

கடைசியாக, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு நைலான் கயிற்றை விட்டார். எதற்கு? மெல்லிய காற்று ஒரே சீராக அடிக்கும்போது குழாய் வீணைத் தந்தி மாதிரி அதிரும். ஒரு ஜெம் கிளிப்பை இப்படியும் அப்படியும் பல தடவை வளைத்தால் ஒடிந்துவிடும் இல்லையா? அதேபோல் ஓயாத அதிர்வும் உலோகத்தைக் களைப்படையச் செய்து ஒடித்துவிடும். உள்ளே கிடக்கும் கயிறு அந்த அதிர்வை அடக்கிவிடும்.

ஆவணியில் ஒரு காலை

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காற்று இல்லாத காலை நேரத்தில், மின்சார வயர் இல்லாத பக்கமாக, நாலைந்து பெரியவர்கள் சேர்ந்து ஆன்டெனாவை ஏற்றினார்கள். பேத்தியும் நானும் மாடிக்குப் போகவில்லை. கீழே தள்ளி நின்று பார்த்தோம். குழந்தைகளே, ஆன்டெனாக் கம்பத்தில் ஏறுவதோ, நீளமான உலோகக் குழாயை மின்கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோவதோ உயிருக்கே ஆபத்து. விளையாட்டுக்குக்கூடச் செய்யாதீர்கள்.

அன்று சாயங்காலம் அண்ணன் கருவியை முடுக்கி, தன் குறியீட்டைச் சொல்லி அழைத்தார். கொஞ்ச நேரம் 'உஸ்...' என்ற இரைச்சல். பிறகு தெளிவாக ஒரு குரல்! அந்தமானிலிருந்து ஒரு ஹாம். சுமார் 1,600 கி.மீ. தூரம். வானத்தின் உயரே உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வந்த அலை.

"ஐப்பசிக்குள்ள ரெடி ஆயிடுச்சு தாத்தா" என்றாள் பேத்தி. ஐப்பசி, கார்த்திகைதானே நம் பக்கம் புயல் மாதங்கள்? இப்போது ஒவ்வொரு தடவை காற்று அடிக்கும்போதும் அவள் வாசலில் நின்று மேலே பார்க்கிறாள். குழாய்கள் வளைகின்றன, காற்று ஓய்ந்ததும் நிமிர்ந்துகொள்கின்றன.

செய்து பாருங்கள்: பழைய பேனா ரீபிள், தென்னை ஈர்க்கு, மெல்லிய அலுமினியக் கம்பி ஆகியவற்றை ஒரே நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் பாலம் போல வைத்து, நூலில் கட்டிய சிறு எடைகளைத் தொங்கவிடுங்கள். எது எவ்வளவு தொய்கிறது, எடையை எடுத்ததும் எது நிமிர்கிறது, எது வளைந்தே இருக்கிறது என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள். இரண்டு பத்தியும் ஒரே மாதிரி இருக்காது. ஏன் என்று உங்கள் வகுப்பு நண்பர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள், சரியா?